கோயில் ஏலத்தில் எடுத்த ஊதாச் சாறு

பாட்டிலில் ஒட்டியிருக்கும் தாளை முழுக்க வாசிக்காமல் நான் எதையும் வாயில் வைத்ததில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் எழுதிய கோப்பில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே காலமெல்லாம் சம்பளம் வாங்கியவன். எனக்கு ஓய்வு கொடுத்தார்களே தவிர அந்தப் புத்திக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. பிஸ்கட் உறை, சோப்பு அட்டை, இருமல் மருந்தோடு மடித்து வைத்திருக்கும் எறும்பு எழுத்துத் தாள் எல்லாவற்றையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாசிப்பேன். "பரீட்சைக்கா படிக்கிதீங்க?" என்று என் மனைவி கேட்பாள்.

அப்படிப்பட்ட நான்தான் ஒரு பழச்சாற்றைக் குடித்துவிட்டு, இரண்டு காலையும் தூக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். இன்றைக்கு நான் பாளையங்கோட்டைத் தெருவில் என் காலால் நடந்துபோய்ப் பால் வாங்கி வருகிறேன் என்றால், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது அந்தச் சாற்றை விற்றவளுக்குத்தான். இது கேட்பதற்குக் கோணலாக இருக்கும். நடந்ததும் கோணலாகத்தான் நடந்தது.

விற்றவள் வேறு யாருமில்லை, என் மனைவியின் தங்கை. எங்கள் வீட்டுக்கு அடுத்த தெரு. அவளுடைய கணவர் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றி இருந்தவர்களெல்லாம் வாய்வு என்றார்கள். ஒருவர் சோடா வாங்கி வந்தார், ஒருவர் முதுகை நீவிவிட்டார், ஒரு அம்மாள் இஞ்சியைத் தட்டிப் பிழிந்து வந்து கொடுத்தாள். அத்தனை வைத்தியமும் முடிந்து காரில் ஏற்றும்போது அவர் போய்விட்டார். கல்லூரியில் படிக்கிற மகளும் மூடிக்கிடந்த கடையும் அவளுக்கு மிஞ்சின. அந்த நேரத்தில்தான் யாரோ அவளை அந்தப் பழச்சாறு விற்கிற கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

கடல் கடந்து ஏதோ தீவுகளில் விளைகிற ஊதா நிறப் பெர்ரிப் பழமாம். அதைப் பிழிந்து, இன்னும் சில பழங்களைச் சேர்த்து, கழுத்து நீண்ட பாட்டிலில் அடைத்து விற்றார்கள். முதன்முதலில் அவள் அந்தப் பாட்டிலையும் வழவழப்பான ஒரு தாளையும் என் முன்னால் வைத்த அன்று நான் நல்ல குஷியில் இருந்தேன். தாளை எடுத்து உரக்க வாசித்தேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுத் தேய்மானம், முடி உதிர்வு, தூக்கமின்மை, ஞாபக மறதி, குழந்தைகளின் படிப்பில் கவனக்குறைவு, சிறுநீரகக் கோளாறு என்று அது போய்க்கொண்டே இருந்தது.

"ஏன் பிள்ள, வீட்டு வரி கட்டுததும் வாய்க்கா தகராறும் மட்டுந்தான் இதுல இல்ல போலுக்கு" என்றேன்.

"நீங்க சிரிங்க அத்தான். குடிச்சுப் பாத்தவங்க சொல்லுதாங்க. எத்தன பேர் சாட்சி சொல்லுதாங்க தெரியுமா?"

தாளைத் திருப்பினேன். அடியில், பேன் முட்டை அளவு எழுத்தில், இது மருந்தல்ல என்றும் எந்த நோயையும் குணப்படுத்துவதற்காகத் தயாரிக்கப்பட்டதல்ல என்றும் போட்டிருந்தது. அதையும் உரக்க வாசித்தேன். முன்பக்கம் வாக்குக் கொடுத்தவனே பின்பக்கம் கையை விரித்துவிட்டான் பார் என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அக்கா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகும் வாரம் தவறாமல் வருவாள், நான் கேலி செய்வேன், அவள் சிரிப்பாள். அவளிடம் எனக்கு ரொம்பப் பிரியம் உண்டு. அதைக் கேலியாகத்தான் காட்டத் தெரியும்.

எனக்கு ஏற்கெனவே சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. பல வருஷத்து ரத்தக் கொதிப்பு செய்த வேலை. வண்ணார்பேட்டையில் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். கண்டிப்பானவர். உப்பைக் குறைத்தார். பிறகு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடாது என்று சொல்லி இளநீரை நிறுத்தினார், வாழைப்பழத்தை நிறுத்தினார், சாத்துக்குடியை நிறுத்தினார். காயை நறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொன்னார். என் மனைவி அதை ஒரு நாளும் பிசகாமல் செய்தாள். இப்படியே ஒழுங்காக இருந்தால் டயாலிசிஸ் வரைக்கும் போகாமல் நெடுங்காலம் ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த மெஷின் என்றால் எனக்கு அவ்வளவு பயம். அதனால் வீட்டு வாசலில் கோழிக்கூடு வாழைப்பழத் தார் தள்ளுவண்டியில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவு ஒழுங்கு.

அந்த ஒழுங்கைக் கெடுத்தது எங்கள் ஸ்தோத்திரப் பண்டிகை.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம், குருவானவரை ஐயர் என்போம். வருஷத்துக்கு ஒரு முறை கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அவரவர் பிழைப்பிலிருந்து முதல் பலனைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் வைக்க வேண்டும். வயல் இருப்பவர்கள் நெல்லும் பூசணிக்காயும் கொண்டுவருவார்கள். கோழி வளர்ப்பவர் காலைக் கட்டிக் கோழியைக் கொண்டுவருவார். அது பிரசங்கத்தின் நடுவில் கூவும். தையற்காரர் ஒரு சட்டை தைத்து வைப்பார், பேக்கரிக்காரர் கேக் வைப்பார். ஐயர் ஜெபித்து முடித்ததும் எல்லாம் வெளியே பந்தலுக்கு வந்து ஏலம் போகும். கடை விலை என்ன என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஒரு முருங்கைக்காய்க் கட்டுக்கு இரண்டு சம்பந்திகள் வீம்பில் ஏறி ஏறிக் கேட்டு, அது ஒரு ஆட்டின் விலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பணம் கோயிலுக்கு, சந்தோஷம் கூட்டத்துக்கு.

என் கொழுந்தியாளின் பிழைப்பு பழச்சாறு. ஆகவே அவள் ஒரு பெட்டி நிறைய அந்த ஊதாப் பாட்டில்களைக் கொண்டுவந்து பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஏலத்தில் அந்தப் பெட்டியைத் தூக்கிக் காட்டியபோது பந்தல் அடங்கிவிட்டது. அவள் வாங்கச் சொல்வதை ஏற்கெனவே கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள்தான் பாதிப் பேர். மீதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஏலம் விடுகிறவர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். மைக் தேவைப்படாத தொண்டை. மைக்கும் பிடித்திருந்தார்.

"என்ன வே, ஒருத்தரும் வாயத் தொறக்கல? குடிச்சா வாய் ஊதா ஆயிருமோன்னு பயப்படுதீங்களா?"

கூட்டம் சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கொழுந்தியாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரித்த முகமாகத்தான் நின்றாள், ஆனால் அது பிடித்துவைத்த சிரிப்பு. பக்கத்தில் நின்ற மகள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. கையைத் தூக்கிவிட்டேன். ஏலம் விடுகிறவர் என்னோடு போட்டிக்கு ஆள் தேடிப் பார்த்தார், ஒருவரும் வரவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கேட்ட தொகைக்கு மேல் நானே ஒரு தரம் ஏற்றிக் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கடையில் வாங்கிய பொருள் என்றால் பரண்மேல் போட்டிருப்பேன். இது கோயில் ஏலத்தில் எடுத்தது. பலிபீடத்தின் முன்னால் இருந்து ஐயர் ஜெபித்த பொருளை எங்கள் ஆட்கள் வீணாக்க மாட்டார்கள். ஏலத்தில் எடுத்த முருங்கைக்காய் முற்றி நாராகப் போயிருந்தாலும் அது குழம்பில் கிடந்தே தீரும். ஏலத்துக் கோழி கிழடாக இருந்தால் கூடுதலாக விறகு எரியுமே தவிர யாரும் அதைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். கொட்டுவது பாவம், அடுத்தவர் தலையில் கட்டுவது அதைவிட மோசம். என் மனைவிக்குப் புளிப்பு ஆகாது. ஆக அந்தப் பெட்டி முழுவதும் என் தலையில்.

"டாக்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க" என்றாள் மனைவி.

"கோயில் சாமானுக்கு டாக்டர் சீட்டா?" என்றேன்.

வாசிக்காமல் குடிக்கவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். வைட்டமின் சி இருந்தது. சர்க்கரை இருந்தது. கலோரி, நார்ச்சத்து, ஏதோ நீண்ட பெயருள்ள நிறச் சத்து எல்லாம் இருந்தன. பொட்டாசியம் என்ற சொல் எங்கும் இல்லை. இல்லாவிட்டால் இல்லைதானே என்று முடிவு கட்டினேன். கோப்பில் இருக்கிற தாளை வாசிப்பதற்குத்தான் எனக்குப் பயிற்சி. வைக்காமல் விட்ட தாளை எப்படி வாசிப்பது? இளநீரையும் வாழைப்பழத்தையும் மருத்துவர் பெயர் சொல்லித் தடுத்திருந்தார். பெயர் சொல்லாத தீவுப் பழத்தை நான் சந்தேகிக்கவில்லை.

சாறு நன்றாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நாவல்பழத்தை நசுக்கித் தேன் விட்டதுபோல் ஒரு துவர்ப்பு. காலையில் ஒரு சிறு டம்ளர். முதல் சில நாட்கள் உற்சாகமாகக்கூட இருந்தது. நான் குடிப்பது தெரிந்ததும் கொழுந்தியாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர்களுடைய தொழிலில் ஒரு முறை உண்டு. சனிக்கிழமை தோறும் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, உடம்பில் என்ன மாற்றம் தெரிகிறது என்று கேட்க வேண்டும். நல்ல மாற்றம் சொல்கிறவர்களைக் கல்யாண மண்டபத்தில் நடக்கிற பெரிய கூட்டத்துக்கு அழைத்துப்போய் மேடையில் சாட்சி சொல்ல வைக்க வேண்டும். சிறுநீரகக்காரன் ஒருவன் தேறி எழுந்து மேடை ஏறினால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அப்படி ஒருவனை அழைத்துவந்தால் அவளை அடுத்த படிக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் படி ஏறினால் மகள் படிப்புக்கு இனி யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். அவள் என்னிடம் இதை மறைக்கவில்லை.

"மாத்தம் தெரியுதா அத்தான்?"

"தெரியுது பிள்ள. படி ஏறும்போது தொடை கனக்கு. விரல் நுனி மரத்துப்போயி மதமதங்கு."

"அது கழிவு வெளிய போவுது அத்தான். எங்க வகுப்புல சொல்லித் தந்திருக்காங்க. மொதல்ல கொஞ்சம் அப்படித்தான் படுத்தும். அளவக் கொஞ்சம் கூட்டிக் குடிங்க, சரியாப் போயிரும்."

கூட்டினேன். காலையோடு மாலையும் ஒரு டம்ளர். எனக்கும் பெட்டியைச் சீக்கிரம் தீர்த்துவிடலாமே என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. நாற்காலியிலிருந்து எழுவதற்கு மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நெஞ்சில் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்து நடுவில் ஒரு படி தவறிய மாதிரி நின்று நின்று போனது. மனைவி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான் கழிவு வெளியேறுகிறது என்றேன். சொல்லும்போதே அவர்கள் வகுப்பின் பாஷை என் வாயில் வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை முற்பகல் போன் வந்தது. வழக்கம்போலக் கேட்டாள்.

"காலத் தூக்க முடியல பிள்ள. நெஞ்சு வேற விட்டு விட்டு அடிக்கு. கழிவு ரொம்ப இருக்கும் போல" என்று சிரித்தேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அவள் அதை ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல் உள்ளே வந்தாள். பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்து நின்றது.

"அக்கா, கதவப் பூட்டு. அத்தான், பையப் பைய எந்திங்க. என் தோளப் பிடிச்சுக்கிடுங்க."

"எதுக்குட்டி இப்படி ஓடியாந்திருக்க?" என்றாள் மனைவி.

"கேக்காத. ஏறு."

முருகன்குறிச்சி சிக்னலில் ஆட்டோ நின்றபோது அவள் இறங்கி, முன்னால் நின்ற பஸ்ஸின் ஓட்டுநரிடம் ஏதோ கத்தினாள். பஸ் ஒதுங்கியது. அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஒரு படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்த இளைஞரான டாக்டரின் முகம் மாறியது. ஊசியும் மருந்து ஏற்றுவதும் ஆரம்பமாயின. பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, இறங்காவிட்டால் உடனே டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லி, அடுத்த அறையில் மெஷினைத் தயார் செய்யச் சொன்னார். எதற்குப் பயந்து நான் இத்தனை நாள் வாயைக் கட்டினேனோ அது சுவருக்கு அந்தப் பக்கம் நின்றது.

"என்ன சாப்பிட்டீங்க? இளநீர்? வாழைப்பழம்? ஆரஞ்சு? இந்துப்பு மாதிரி ஏதாவது?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவுடனேயே ஊதா நிறம் கண் முன்னால் வந்துவிட்டது. ஆனால் என் மனைவி பக்கத்தில் நிற்கிறாள், தங்கை அவளுக்குப் பின்னால் நிற்கிறாள். சொன்னால் அக்கா தங்கைக்குள் என்ன ஆகும், அவள் பிழைப்பு என்ன ஆகும் என்று யோசித்தேன். எப்படியும் மருந்து ஏற்றுகிறார்கள், இறங்கிவிடும், அவளை எதற்கு இழுக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் முன்னால் வந்தாள். எப்போதும் தோளில் தொங்குகிற பையிலிருந்து பாட்டிலை எடுத்து டாக்டரின் கையில் கொடுத்தாள்.

"இதக் குடிக்காங்க சார். நான்தான் விக்கேன். கால் கனக்குன்னு சொன்னதுக்கு, கூட்டிக் குடிங்கன்னு சொன்னதும் நான்தான்."

டாக்டர் அவளையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவி தங்கையின் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை. டாக்டர் மட்டும் சாதாரணமாகச் சொன்னார்: "நல்ல வேளை சொன்னீங்க. காரணம் தெரியாம இருந்தா, இறக்கி வீட்டுக்கு அனுப்புவோம். இவர் போய்த் திரும்ப இதையே குடிப்பார்."

அவர் சொன்னது முழு உண்மை. பெட்டியில் இன்னும் பாட்டில்கள் இருந்தன. அவை கோயில் ஏலத்தில் எடுத்தவை. நான் நிச்சயமாகக் குடித்திருப்பேன்.

பொட்டாசியம் மருந்திலேயே இறங்கிவிட்டது. சாயங்காலம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மெஷின் வேண்டாம் என்றார்கள். அடுத்த நாள் காலை ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் வந்து என் கட்டில் ஓரத்தில் நின்று பேசினார். சுறுசுறுப்பான பெண். பாட்டிலை நானே கையில் வைத்துக்கொண்டு அவரிடம் வழக்காடினேன்.

"இதுல பொட்டாசியம்னு போடலியே அம்மா?"

"எல்லாத்தையும் எல்லாரும் போடுறதில்ல சார். பழம்னா பொட்டாசியம் இருக்கும். எந்த ஊர்ப் பழமா இருந்தாலும். அதப் பிழிஞ்சு சுண்டவெச்சா இன்னும் கூடும். நல்ல சிறுநீரகம் இருக்கறவங்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல, வெளிய தள்ளிரும். உங்களோடது தள்ளாது."

"அப்போ இது கெட்டதா?"

"கெட்டதுன்னு யார் சொன்னா? வைட்டமின் சி இருக்கு. ஊதா நிறத்துல இருக்கற சத்து நல்லதுதான். அது நம்ம நாவல்பழத்துலயும் இருக்கு. வைட்டமின் சிக்கு ஒரு நெல்லிக்காய் போதும். இது ஒரு ஜூஸ் சார். ஜூஸ் என்ன செய்யுமோ அதச் செய்யும். சிறுநீரகத்தைச் சரியாக்கும், சர்க்கரைய விரட்டும்னு சொல்றதுதான் இல்லாத கதை."

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஜூஸ் என்ன செய்யுமோ அதைச் செய்யும். என் அலுவலகத்தில் அப்படி ஒரு குறிப்பு எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இருந்ததில்லை. பழத்தின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அது பாட்டுக்கு எங்கோ ஒரு தீவில் காய்த்துக் கிடந்தது. அதன் தலையில் இத்தனை நோயையும் சுமத்தி மேடை ஏற்றியது நாம்தான்.

மனைவி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதாகப் போன நேரம், கொழுந்தியாள் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ராத்திரியெல்லாம் கண் சிவக்க அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை.

"போன்ல ஏன் பிள்ள பேசாம இருந்த?" என்று கேட்டேன்.

"கழிவு வெளிய போவுதுன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன் அத்தான். வந்திருச்சு நாக்கு நுனி வரைக்கும். அப்போ அந்தக் கல்யாண வீடு ஞாபகம் வந்துச்சு. வாய்வு, வாய்வுன்னு எல்லாரும் சொன்னாங்கல்லா? நானும்தான் சொன்னேன். அவுக என் கையப் பிடிச்சிட்டு, இல்ல பிள்ள, இது வேற மாதிரி இருக்குன்னாக. நான் கேக்கல. சோடா குடிங்கன்னேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நீங்க சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. ஆனா அதே மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவ நான் சோடா குடுக்க மாட்டேன்னு வண்டிய எடுத்துட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு வலிக்கிறதென்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீடு திரும்பியபோது அவள் தன்னிடம் சாறு வாங்கிக் குடிக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் போக ஆரம்பித்திருந்தாள். சர்க்கரை மாத்திரையை யாராவது நிறுத்தியிருக்கிறார்களா, சிறுநீரகக் கோளாறு யாருக்காவது உண்டா, டாக்டரிடம் கேட்டீர்களா என்று வாசலில் நின்று கேட்டாள். இரண்டொருவர் மாத்திரையை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். அவளுக்கு மேல் படியில் இருந்தவர்கள் போன் போட்டு, ஏன் கெட்ட சாட்சி பரப்புகிறாய் என்று ஏசினார்கள். அவள் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டாள். மண்டபத்து மேடையில் வேறு யாரோ ஏறினார்கள். அதற்குப் பிறகு அவள் விடிகாலையில் எழுந்து இடியாப்பம் பிழிந்து வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். மகள் கல்லூரிக்குப் போகுமுன் மாவு பிசைந்து கொடுத்துவிட்டுப் போகும்.

நியாயப்படி ஊர் அவளைக் கொண்டாடியிருக்க வேண்டும். ஊர் அப்படியா? கோயிலில் கதை வேறு மாதிரி சுற்றியது. சொந்த அத்தானுக்கே விஷத்தைக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். பிழைத்தது அவர் அதிர்ஷ்டம் என்றார்கள். அவள் பெண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். என் மனைவி சில வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் தானே எழுந்துபோய் இடியாப்பம் வாங்கி வந்தாள். அதைத் தட்டில் வைத்து, "நல்லாத்தான் பிழியுதா" என்றாள். எங்கள் வீட்டில் சமாதானம் இந்த மாதிரிதான் வரும்.

மறுபடி ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. நான் சின்னக் கம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டு போனேன். கால் தேறிவிட்டது. ஆனாலும் நீண்ட நேரம் நின்றால் தொடை ஞாபகப்படுத்தும். பலிபீடத்தின் முன்னால் பூசணிக்காய், நெல், சட்டை, கேக் எல்லாம் இருந்தன. ஓரத்தில் ஒரு பெரிய தூக்குப் பாத்திரம் இருந்தது. வாழை இலையால் மூடி, மேலே வெள்ளைத் துணி கட்டியிருந்தது. யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

பந்தலில் ஏலம் கலகலப்பாகப் போய்க்கொண்டிருந்தது. சேவல் ஒன்று நல்ல தொகைக்குப் போனது. அடுத்து தூக்குப் பாத்திரத்தைத் தூக்கினார், அதே உடற்பயிற்சி ஆசிரியர்.

"இடியாப்பம்! கூடவே தேங்காப்பாலு! கேளுங்க!"

பந்தல் அடங்கியது. போன வருஷத்து அடக்கம் மாதிரி இல்லை. இது வேறு. யாரோ ஒரு அம்மாள் பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னது எனக்குக் கேட்டது. கொழுந்தியாள் அதே பந்தல் காலின் பக்கத்தில் நின்றாள். இந்தத் தடவை அவள் சிரிக்கக்கூட முயலவில்லை.

கையைத் தூக்கினேன்.

"அண்ணாச்சி!" என்றார் மைக்கில். "போன வருசம் இவங்க சாமான எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்க. இந்த வருசமும் துணிஞ்சிட்டீங்களா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, வாய் மட்டும்தான். ஆனால் அவள் தலை குனிந்துவிட்டது. நான் கம்பை ஊன்றி எழுந்தேன். வாழ்நாளில் நான் கோயிலில் சாட்சி சொன்னதில்லை. சொல்கிறவர்களைப் பார்த்து வாய்க்குள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"வாத்தியாரே, அந்த மைக்க இங்கன கொடுங்க" என்றேன்.

கொடுத்தார்.

"போன வருசம் நான் சாகக் கெடந்தது வாஸ்தவம். ஜூஸக் குடிச்சதும் வாஸ்தவம். டாக்டர் என்ன சாப்பிட்டேன்னு கேட்டாரு. நான் ஒண்ணுமில்லன்னு பொய் சொன்னேன். எல்லாருக்கும் முன்னால நின்னு, நான்தான் கொடுத்தேன்னு சொன்னது இந்தப் பிள்ள. அத மறச்சிருந்தா அவ அந்தத் தொழில்ல இன்னொரு படி ஏறியிருப்பா, நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருப்பேன். நான் இன்னிக்கு ரெண்டு கால்ல நின்னு ஏலம் கேக்கேன்னா, அந்தத் தூக்குப் பாத்திரத்தக் கொண்டுவந்து வெச்ச கைதான் காரணம். இது என் சாட்சி. இனி கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பந்தல் காலின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அழுகிற குரல்தான், ஆனால் முருகன்குறிச்சியில் பஸ்ஸை ஒதுக்கிய சத்தம் அதில் இருந்தது.

"அத்தான், போதும், உக்காருங்க! ரொம்ப நேரம் நிக்கப்பிடாதுன்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்கல்லா?"

முன்வரிசையில் ஐயரின் மனைவி ஐயரம்மா கையை உயர்த்தித் தொகையை ஏற்றிக் கேட்டார். அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரர் கை உயர்ந்தது, அதற்கும் பின்னால் இன்னொன்று. நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே மறுபடியும் கையைத் தூக்கினேன்.